குழலுக்குள் இருந்த குண்டு

வேட்டைக்கு வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் ரோண்டா அம்மாள் தன் பண்ணைவீட்டு வராந்தாச் சுவரில் மூன்று சட்டங்களைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். வேட்டைக் கூண்டில் ஏறினால் நான் வந்து கூப்பிடும்வரை இறங்காதே. மருந்து கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவராதே. சுட்டவனின் அனுமதிச் சீட்டைத்தான் மானின் காலில் கட்ட வேண்டும். வந்து இரண்டு நாள்கூட முடியவில்லை, அதற்குள் நான் இரண்டு சட்டங்களை மீறிவிட்டேன். மீறினது மட்டுமா, மீறிவிட்டு மத்தியானம் அவர் சமைத்த பீன்ஸ் குழம்பையும் சோள ரொட்டியையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கிர்பி. லான்னி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். டுவெய்ன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். இந்தியானாவில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே ஊரில் கிழடு தட்டினவர்கள். முப்பது வருஷமாக டிசம்பர் கடைசியில் சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறோம். பழைய காலத்துத் துப்பாக்கிதான் எங்களுக்கு. வாய்வழியாகக் கருமருந்து கொட்டி, துணியில் சுற்றிய ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, அடியில் பொறி கிளப்பும் கேப் என்ற சின்ன மூடியை மாட்டிச் சுடுவது. ஒரு தடவைக்கு ஒரே குண்டு. தப்பினால் தப்பினதுதான்.

குறி தப்பினவனின் சட்டை முன்வாலை, அதாவது இடுப்புக்குக் கீழே தொங்கும் முன்துண்டை, மற்றவர்கள் கத்தியால் அறுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது எங்களிடம் மட்டுமல்ல, இந்தப் பக்கம் எல்லா வேட்டைக்காரரிடமும் உள்ள வழக்கம். டுவெய்ன் இதுவரை ஆறு சட்டைகளைப் பறிகொடுத்திருக்கிறான். கொம்பு வைத்த மான் ஒன்றையும் அவன் வீழ்த்தியதில்லை. நான் சட்டை இழந்ததே கிடையாது. ஊரில் போட்டி நடந்தால் கோப்பை என் வீட்டுக்குத்தான் வரும், அந்தப் பெயரை நான் கொஞ்சம் அதிகமாகவே காதலித்தேன்.

ரோண்டாவின் பண்ணை இருக்கும் ஐயோவாவில் வெளியூர்க்காரனுக்குச் சீட்டு சுலபத்தில் கிடைக்காது. குலுக்கலில் ஐந்து வருஷம் எழுதிப் போட்டு, இந்த வருஷம்தான் மூன்று பேருக்கும் சேர்ந்து விழுந்தது. வந்த முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. மருந்து கெட்டித்த துப்பாக்கிகளை, கேப்பை மட்டும் கழற்றி, வராந்தாவிலேயே சாய்த்து வைக்கச் சொன்னார் ரோண்டா. குளிரில் கிடந்தால் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. நான்தான் கேட்கவில்லை. என் துப்பாக்கியின் கட்டையை நானே இழைத்தேன், பனி பட்டால் மரம் கீறல் விட்டுவிடும் என்று கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கணப்புப் பக்கம் வைத்தேன். குளிர்ந்த இரும்பு கதகதப்பில் வியர்க்கும். உள்ளே மருந்தும் நமுத்துப்போகும். இது எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் காலையில் என்னையும் டுவெய்னையும் ஒரே கூண்டில் ஏற்றினார் ரோண்டா. நாலு கால்மேல் நிற்கிற பலகைப் பெட்டி அது. இரண்டு ஸ்டூல், ஒரு ஜன்னல், முழங்காலோடு முழங்கால் இடிக்கும். லான்னி அரை மைல் தள்ளி வேறு கூண்டில் இருந்தான். நாணயம் சுண்டிப் பார்த்ததில் முதல் முறை எனக்கு விழுந்தது. நான் சுட்டு மான் நின்றால் மட்டும் டுவெய்ன் சுட வேண்டும்.

எட்டு மணிக்கு ஓடைக்கரையிலிருந்து ஆண்மான் ஒன்று சோளத்தட்டைக்குள் இறங்கியது. கொம்பில் பத்து முனை. நான் முப்பது வருஷமாகப் பார்த்த வெள்ளைவால் மான்களில் அதுதான் பெரிது. எண்பது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. நான் குறிபார்த்து விசையை இழுத்தேன்.

டிக் என்று கேப் மட்டும் பொரிந்தது. என் தோளில் ஓர் அசைவும் இல்லை. அதே நொடியில் காதருகே இடி விழுந்தது. கூண்டு முழுக்க வெள்ளைப் புகை. டுவெய்ன் பதற்றத்தில் சுட்டுவிட்டிருந்தான்.

புகை கலைய நேரமாயிற்று. மான் நின்ற இடத்திலேயே கிடந்தது.

"கிர்பி, மன்னிச்சுக்கடா," என்றான் டுவெய்ன். "உன் முறையில நான் கை வச்சுட்டேன். நீ இழுத்ததப் பாத்தேனா, என் விரலும் தானா இழுத்துருச்சு. கண்ணையே மூடிட்டேன்டா. எங்க போச்சோ என் குண்டு. நல்லவேளை, நீ அடிச்சுட்ட."

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லாமலே அந்த மூச்சை விட்டுவிட்டேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தான். "என்ன மான்டா. என்ன மான்டா இது," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ரோண்டா லான்னியை ஏற்றிக்கொண்டு வண்டியில் வந்தார். மானின் உடம்பில் ஒரே ஓட்டை, தோளுக்குப் பின்னால்.

"ரெண்டு பேரும் சுட்டீங்களா? எனக்கு ஒரு சத்தம்தானேடா கேட்டுச்சு," என்றான் லான்னி.

"ஒரே நேரத்துல சுட்டோம். என்னுது காத்துக்குப் போச்சு," என்றான் டுவெய்ன்.

"அதான தெரியுமே. உன் குண்டு இந்நேரம் மிசூரி எல்லையத் தாண்டிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சீட்டை எடுத்து மானின் காலில் கட்டினேன். கட்டும்போது விரல் மரத்துப்போயிருந்தது, குளிரினால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்தபோது எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் நசுங்கின குண்டு கிடைத்தது. மூன்று பேருக்கும் குண்டு வார்த்தது லான்னிதான், எல்லாம் ஒரே அச்சு. அதைத் துடைத்து என் சட்டைப்பையில் போட்டான். "வச்சுக்கடா. பேரப்பசங்களுக்குக் காட்டு." ஒரு குண்டு பையில், அதன் ஜோடி என் குழலுக்குள். நான் இரண்டையும் சுமந்துகொண்டு வண்டியில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் டுவெய்னின் சட்டைக்குச் சடங்கு நடந்தது. கத்தி என் கையில் கொடுக்கப்பட்டது, மானை வீழ்த்தினவன்தானே அறுக்க வேண்டும்.

"கொஞ்சமா அறுடா. கிறிஸ்துமஸுக்கு எம்பொண்ணு வாங்கிக் குடுத்தது," என்றான் டுவெய்ன். புத்தம்புது சிவப்புக் கட்டம். நான் அறுத்தேன். லான்னி ஆணியடித்து, அதன்மேல் டுவெய்னின் பெயரைப் பேனாவால் எழுதினான். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற டுவெய்ன், "ஏழு," என்று மட்டும் சொன்னான்.

அப்போதுதான் பனிமழை தொடங்கியது. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறைந்தது. அரை மணியில் படி, வண்டி, கம்பிவேலி எல்லாவற்றின்மேலும் கண்ணாடி பூசிவிட்டது. "ரெண்டு நாளைக்கு யாரும் எங்கயும் நகர முடியாது, ஐயாமாரே," என்றார் ரோண்டா. "ரோட்டுல கால் வச்சீங்கன்னா இடுப்பு போயிரும்."

நான் போட்டிருந்த திட்டம் அதோடு போயிற்று. கொட்டகைப் பக்கம் நழுவி, குண்டைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிடுங்கும் திருகு லான்னியின் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கேட்டால் எதற்கு என்பான். போதாக்குறைக்குச் சுட்ட துப்பாக்கியை அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கருமருந்து இரும்பைத் தின்றுவிடும். வருஷா வருஷம் சாப்பாடு முடிந்ததும் மேசையில் கெண்டியை வைத்துக்கொண்டு லான்னிதான் எல்லாருடையதையும் கழுவுவான். மத்தியானம் பசி இல்லாமலே குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். சாப்பிட்டு முடிக்காதவரை யாரும் கெண்டியை எடுக்க மாட்டார்களே.

"டேய், மான் அடிச்ச களைப்பா? சட்டியையும் சேத்துத் தின்னுருவ போல," என்றான் லான்னி. "துப்பாக்கியக் கொண்டாங்கடா."

"என்னுத நானே பாத்துக்கறேன்," என்றேன்.

"என்னிக்குடா நீ பாத்த?"

அதற்குள் ரோண்டா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். துப்பாக்கி மேசைக்கு வருமுன் ஒவ்வொரு குழலிலும் கோலை விட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். நான் பின்னாலேயே ஓடினேன். டுவெய்னின் துப்பாக்கியில் கோல் அடிவரை போய்க் கணீரென்றது. என் துப்பாக்கியில் அடிக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே மொத்தென்று நின்றது. ரோண்டா கோலை வெளியே எடுத்து, மறுபடி விட்டார். மறுபடியும் மொத்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுட்டதும் திரும்பக் கெட்டிச்சுட்டீங்களா?"

சுட்ட கையோடு மறுபடி கெட்டிப்பது நல்ல வேட்டைக்காரன் வழக்கம்தான். நான் தேடியும் கண்டுபிடிக்காத வழியை அவர் திறந்துவிட்டார். "ஆமாங்க," என்றேன்.

"அப்ப சொல்லிருக்கணும்ல. கெட்டிச்ச துப்பாக்கியக் கழுவறதுக்குக் கொண்டாரலாமா? கேப் மாட்டுங்க. அந்த மண்மேட்டப் பாத்துச் சுட்டுட்டு வாங்க."

சத்தம் கேட்டு லான்னியும் டுவெய்னும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் வராந்தாக் கம்பியில் குழலை ஊன்றி, புதுக் கேப் மாட்டி, விசையை இழுத்தேன். டிக். இரண்டு நிமிஷம் குழலை மேட்டுப்பக்கமே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, இன்னொரு கேப். டிக். மூன்று பேரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஐஸ், பின்னால் அவர்கள்.

"காலைல கெட்டிச்சது அதுக்குள்ள நமுத்துப்போச்சா?" என்றான் லான்னி.

"கேப்பு சரியில்லையோ என்னமோ," என்றான் டுவெய்ன். "விடுடா, புடுங்கிரலாம்."

லான்னி கோலின் முனையில் திருகை மாட்டி உள்ளே விட்டான். திருகு ஈயத்தைக் கடிப்பது கையிலேயே தெரியும். மெதுவாக இழுத்தான். குண்டு வெளியே வந்தது, அதைச் சுற்றின துணியும் கூடவே வந்தது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் அறுத்த டுவெய்னின் நீலச் சட்டை வாலைத்தான் லான்னி துண்டு துண்டாக வெட்டி இந்த வருஷம் மூன்று பேருக்கும் கொடுத்திருந்தான், கேலிக்காக. ஒரு தடவை சுட்ட குழலுக்குள் எந்தத் துணியை விட்டாலும் கரிபிடித்த அடுப்புத்துணியாகத்தான் வெளியே வரும். இது அப்படி வரவில்லை. அடியில் நாலு மருந்துத் துகள் ஒட்டியிருந்தது. மற்றபடி நீலம் நீலமாகவே இருந்தது.

லான்னி அதை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தான். ரோண்டாவும் பார்த்தார்.

டுவெய்ன்தான் முதலில் பேசினான். "குழலத் துடைச்சுட்டுக் கெட்டிச்சிருப்ப. இல்ல கிர்பி? நீ எப்பவும் துடைச்சுட்டுத்தான் கெட்டிப்ப."

கேள்வி அல்ல அது. முப்பது வருஷமாக என்னைத் தெரிந்தவன், எனக்காக ஒரு பொய்யைச் சுத்தமாக மடித்து என் கையில் வைக்கிறான். வாங்கிக்கொண்டிருந்தால் லான்னி சந்தேகத்தோடு போயிருப்பான், அவ்வளவுதான். டுவெய்ன் முகத்தில் சந்தேகமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இன்னொரு ஆமாம் சொல்ல முடியவில்லை.

"இல்ல டுவெய்ன்," என்றேன். "நான் துடைக்கல. நான் கெட்டிக்கவும் இல்ல. காலைல என் துப்பாக்கி வெடிக்கவே இல்ல. நேத்து ராத்திரி உள்ள கொண்டுவந்து வச்சேன், நமுத்துருச்சு. அந்த மான் உன்னோடது."

கூரையிலிருந்து ஐஸ் ஒன்று முறிந்து விழுந்தது. டுவெய்ன் என்னைப் பார்க்காமல், முற்றத்தில் மரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்த மானைப் பார்த்தான். அதன் காலில் என் பெயர் எழுதின சீட்டு உறைந்து நின்றது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அப்பவே."

"நான் உன்னக் கட்டிப்பிடிச்சப்பவா?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "என் மான் விழுந்துருக்கு, நான் உனக்காகச் சந்தோஷப்பட்டுட்டு நின்னுருக்கேன்," என்றான். "இனிமே சீட்ட மாத்திக் கட்டலாம். அதுக்கு நான் இப்பப் போயி எப்படிடா சந்தோஷப்படறது?"

ரோண்டா உள்ளே போய் வனத்துறை அதிகாரிக்குப் போன் போட்டார். நடந்ததை நடந்தபடி என் வாயாலேயே அவரிடம் சொல்ல வைத்தார். சாலை திறந்ததும் வருவதாகவும், அதுவரை மானை யாரும் தொடக் கூடாது என்றும் அதிகாரி சொன்னார்.

டுவெய்ன் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கி, சிவப்புக் கட்டத் துணியை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சுவரில் ஓட்டை மட்டும் நின்றது. நான் என் சட்டையைக் கால்சட்டைக்குள்ளிருந்து உருவி, முன்வாலை நீட்டிப் பிடித்தேன். மேசையிலிருந்த கத்தியை லான்னி பக்கம் தள்ளினேன்.

"அறுடா."

லான்னி கத்தியை எடுத்து மூடி, தன் பெட்டிக்குள் போட்டான்.

"அது சுட்டுத் தப்பினவனுக்கு," என்றான். "நீ எங்கடா சுட்ட?"

பிறகு கெண்டியை எடுத்து டுவெய்னின் துப்பாக்கியைக் கழுவ ஆரம்பித்தான். கரி கரியாகத் தண்ணீர் வாளியில் விழுந்தது. நான் சட்டை வாலைப் பிடித்தபடியே நின்றேன். வெளியே பனிமழை நிற்கவில்லை, அந்த வீட்டில் எங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.