குறுக்குக் காற்று

நேவெனா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் பையைப் பிரிக்கவே மாட்டாள். என் கணவர் லூபிஷாவின் முதல் தாரத்து மகள் அவள், எட்டு வயது. சனி, ஞாயிறு எங்களோடு இருப்பாள், ஹாலில் சோபாவில் படுப்பாள். வேண்டியதைப் பைக்குள் கைவிட்டு எடுத்ததும் ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள். நான் என்ன சூனியக்காரியா? இப்போது அவள் அம்மா வேலைக்கு வியன்னா போய்விட்டாள், இனி நேவெனா எங்களோடுதான். இங்கேயும் பையோடுதான் குடித்தனம் பண்ணப் போகிறாளா என்பதே என் கவலை.

அதற்காகத்தான் அந்த அடுக்குக் கட்டிலை வாங்கினேன். கீழே என் மகன் வூக், மேல்தட்டு அவளுக்கு. மாட்டிக் கொடுக்க ஸ்தோயான் வந்தார். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர்; எங்கள் நீஷ் ஊரில் அப்படி நின்றவர் கூடப் பிறந்தவரைவிட ஒரு படி மேல். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். செய்முறைத் தாளை விரித்தார், அதன் மேல் காபிக் கோப்பையை வைத்தார். காபிக்குப் பிறகு ஒரு சின்ன கிளாஸ் பிளம் சாராயம், அதற்குத் துணையாக இன்னொன்று. அப்புறம்தான் திருப்புளி கைக்கே வந்தது.

மதியத்துக்குள் வூக்கின் அறையில் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கண்ணுக்கு நிறைவாக எழுந்து நின்றது. மெத்தையும் போட்டாயிற்று. ஸ்தோயான் சும்மா இருக்காமல் மேலே ஏறிப் படுத்துப் பார்த்தார். ஜன்னலும் திறந்திருந்தது, கதவும் திறந்திருந்தது. பிடரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஸோர்கா, இங்க குறுக்குக் காத்து அடிக்குது. பொண்ணுக்குக் கழுத்து பிடிச்சுக்கும்."

போதாதா? ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஓடும் குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை; டாக்டரே எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். ஜன்னலை மூடி வைத்தால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே நகர்த்தவும் அறையில் இடமில்லை, மறுபடி கழற்ற ஆரம்பித்தார் ஸ்தோயான். இந்த யோசனை காலையிலேயே வந்திருக்கக் கூடாதா என்று நான் கத்தித் தீர்த்தேன். கழுத்தில் சால்வை சுற்றாமல் பால்கனிப் பக்கம் போகாதவள் நானும் என்பது வேறு விஷயம்.

எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒரே இடம் பெரிய அலமாரியை ஒட்டி. அலமாரியின் மேல் ஆப்பிள் போல மஞ்சளாக என் சீமைமாதுளைப் பழங்கள் இருந்தன. இலை உதிரும் காலத்தில் வரிசையாக அங்கே வைத்தால் குளிர்காலம் முழுக்க அறை மணக்கும். அவற்றின் மேல் வேறு யார் கை பட்டாலும் எனக்குப் பொறுக்காது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டிலின் ஏணியை ஸ்தோயான் மாட்டிக்கொண்டிருக்கும்போதே நேவெனாவைக் கூட்டி வந்துவிட்டார் லூபிஷா. ஷூவைக் கழற்றி வீட்டுக்குள் போட விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை அணைத்தபடி நின்றாள். தரையெல்லாம் ஸ்க்ரூவும் கிழிந்த அட்டையும். அவளை இப்படியா வரவேற்க நினைத்தேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏணி நின்றதும் பையோடு மேலே ஏறினாள். பிறகு தலையை நீட்டினாள்.

"சித்தி, இந்தப் பழத்தையெல்லாம் எடுத்துக்கறீங்களா? எனக்கு இடம் வேணும்."

லூபிஷா பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். எதற்கு இடம் என்று கேட்டேன்.

"என் சாமான் வைக்க. படுத்துட்டே கை எட்டுது."

ஏப்ரனை விரித்துப் பிடித்தேன். ஒவ்வொரு பழமாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தனக்கே வைத்துக்கொண்டாள். அப்புறம் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. புத்தகங்கள், கிளிப் டப்பா, காது பிய்ந்த முயல் பொம்மை, அம்மாவின் போட்டோ என்று எல்லாம் அலமாரியின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கடைசியில் காலிப் பை மேலிருந்து என் காலடியில் விழுந்தது.

"அதை எங்கயாவது உள்ள போட்டுடுங்க. இனிமே வேண்டாம்."

மடி நிறையப் பழம். குனிந்து எடுக்கக்கூட முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஸ்தோயானைப் பார்த்து, நீங்கள் கட்டிலை இங்கே மாற்றியதுதான் சரி என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை. அவர் திரும்பி, எனக்கும் காற்று அடித்துப் புத்தி கலங்கிவிட்டதோ என்று ஜன்னலைச் சாத்தப் போனார்.