கொடைக்குப் போனவர்கள்

எலிக்காய்ச்சலுக்கு ஏழு நாள் மருந்து கொடுப்பது வழக்கம். மூன்று நாள் போதாதா என்று எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மூன்று நாள், பாதிப் பேருக்கு ஏழு. பதினைந்தாம் நாள் போன் செய்து, குணமா இல்லையா என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மலையாளம் பேசும் இந்த ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களில் பலர் திருநெல்வேலிப் பக்கம். தமிழ் பேசுகிறவள் என்றுதான் கலைச்செல்வி என்ற இந்த மகாராணியை வேலைக்கு எடுத்தார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

உடன் வேலை பார்த்த அனீஷ், போன் எடுக்காதவர்களுக்கு நேரே 'தகவல் இல்லை' என்று எழுதிவிடுவான். டாக்டர் வெங்கடேஸ்வரன் அவனைக் காய்ச்சி எடுப்பார். நான் அப்படி விடமாட்டேன். ஆய்வின் கடைசி மாதம், ஆடி. மூன்று நாள் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிய பதினொரு பேரின் போன் அணைந்து கிடந்தது. கடைகளில் விசாரித்தால் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கொடைக்குப் போகாமல் எவன் இங்கே மூட்டை சுமப்பான்? நோயாளி தம்பானூர் பஸ் நிலையக் கூட்டத்தில் முண்டியடித்து பஸ் ஏறுவானா? இதெல்லாம் அனீஷுக்கு எங்கே தெரியப்போகிறது! 'கொடைக்குப் போனார், குணம்' என்று பதினொரு தடவை எழுதினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மூன்று நாளே போதும் என்று முடிவு வந்தது. புரட்டாசியிலிருந்து வார்டில் எல்லோருக்கும் மூன்று நாள்தான்.

ஐப்பசி மழையில் முத்தாரம்மாள் வந்தார். கொழுந்தன் சுப்புவுக்கு எலிக்காய்ச்சல், வார்டில் இருந்தான். மறுநாள் அவனை அனுப்புவதாக இருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் நெல்லையப்பனுக்கும் இங்கதாம்மா பாத்தோம். அந்தச் சீட்டு வேணும். அவுக தவறி மூணு மாசம் ஆச்சு."

நெல்லையப்பன் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். பதிவேட்டைப் புரட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன்.

"கொடையா? எங்க ஊர்ல இந்த வருசம் கொடையே நடக்கலியேம்மா! பந்தக்கால் ஊணி கால்நாட்டுகூட முடிஞ்சிருந்தது. இவுக பொணமா கெடக்கையில கொட்டு அடிப்பாகளா? நிறுத்திட்டாக. இங்க கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்லன்னுதான் அவுக காய்ச்சலோட பஸ் ஏறுனாக. ஊருக்கு வந்து நாலாம் நாள் மூத்திரம் நின்னுபோச்சு." பிறகு பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எந்தப் பாவிம்மா இப்படி எழுதுனது?"

பதிவேட்டை மூடி, "விசாரிக்கிறேன் அக்கா" என்றேன்.

கடைகடையாக ஏறி மற்ற பத்துப் பேரின் ஊர் எண்களை வாங்கினேன். சாயங்காலத்துக்குள் ஏழு வீடுகள் கிடைத்தன. மூன்று வீட்டில் சாவு.

டாக்டரிடம் பதிவேட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னாக்கும் நீ செஞ்சு வெச்சிருக்கே?" என்று கத்தினார். "காலியா விட்டிருந்தா திட்டியிருப்பேன், அவ்வளவுதானே!" பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "திட்டினதுதான் தப்பு போலிருக்கு" என்றார் பிறகு. வார்டுக்கு போன் செய்து சுப்புவுக்கு ஏழு நாள் மருந்து என்றார். ஆய்வு முடிவைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதச் சொன்னார்.

"புரட்டாசிக்குப் பிறகு மூணு நாள்ல எத்தனை பேரை அனுப்பியிருக்கோம்?"

எண்ணிச் சொன்னேன். நாற்பத்தாறு.

அந்த நாற்பத்தாறு பேரையும் நானும் அனீஷும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்காதவர்களுக்கு நேரே 'தகவல் இல்லை' என்றுதான் எழுதுகிறேன்.

பதினைந்தாம் நாள் சுப்புவுக்காக முத்தாரம்மாளுக்கு போன் செய்தேன்.

"நல்லாருக்காம்மா, சோறு திங்கான். அந்தப் பாவி எழுதுனத நீங்க கண்டுபிடிக்கலன்னா இவனும் போயிருப்பான். வர்ற ஆடிக்கு எங்க ஊர்ல கொடை உண்டு. நீங்க கட்டாயம் வரணும். எங்க வீட்லதான் சாப்பிடணும்."

"வரேன் அக்கா" என்றேன்.