அர்மானின் உயரம்

ஈரத்துணியோடு பின்சக்கரத்திலிருந்து மேலே வந்த ஓடெட்டின் கை, சீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

குனிந்திருந்தவள் நிமிர்ந்து, சைக்கிளை ஒட்டி நின்று பார்த்தாள். சீட் அவள் இடுப்புக்கு நேராக இருந்தது.

அர்மானின் சைக்கிள் சீட் அவள் விலாவில் அல்லவா இடிக்கும்? கொட்டகைக்குள் வெங்காயம் எடுக்க வரும்போதெல்லாம் அதைத் திட்டியிருக்கிறாள். அவள் புருஷன் அவ்வளவு நெட்டையான மனிதர். இந்த உயரத்தில் உட்கார்ந்து மிதித்தால் அவருடைய முழங்கால் தாடையில் முட்டும்.

யாரோ குட்டையானவர் இதை ஓட்டியிருக்கிறார்.

யாரோ என்று நினைத்தது ஒரு மரியாதைக்குத்தான். அதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது.

நொயெமி. கால்வாயின் மதகு வீட்டில் இருப்பவள். படகு வந்தால் மதகைத் திறப்பாள், வராதபோது சைக்கிள்காரர்களுக்குக் காப்பியும் ஒயினும் கொடுப்பாள். புருஷன் போய் வெகுநாளாயிற்று. முந்தாநாள் மதகுக்குப் பக்கத்து மரத்தடியில் அர்மான் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவள் அவள்தான். ஆம்புலன்ஸ் போனபின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டவளும் அவள்தான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இதயத்தைப் பற்றி ஓடெட்டுக்குச் சந்தேகம் இல்லை.

"ஓடெட்! உள்ள இருக்கியா?"

கஸ்பாரின் குரல். அவள் வெளியே வந்து கொட்டகைக் கதவைச் சாத்தினாள். கஸ்பார் அர்மானோடு பல வருஷமாகச் சைக்கிள் விட்டவர். கறுப்புக் கோட்டுக்கு மேலே கழுத்து சிவந்திருந்தது. கையில் சூடான ரொட்டி.

"நீ சாப்பிட மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் வாங்கிட்டு வந்தேன். சைக்கிள் தயாரா?"

"தொடச்சிக்கிட்டிருக்கேன்."

"சீட்டை மட்டும் தொட்டுடாத. அவன் விட்ட உயரத்துலயே இருக்கணும்."

அவளுக்கும் தெரியும். அந்தச் சைக்கிள் கூட்டத்தில் ஒருவர் போய்விட்டால் சவ வண்டிக்குப் பின்னால் அவருடைய சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு கால்வாய்ப் பாதையில் கல்லறைவரை போவார்கள். யாரும் ஏற மாட்டார்கள். பூ வைக்க மாட்டார்கள். சீட் மட்டும் அவர் கடைசியாக உட்கார்ந்த உயரத்தில் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த சைக்கிளை ஊரே பார்க்கும். இடுப்பளவு சீட்டைப் பார்க்கும். பிறகு மதகுக்காரியைப் பார்க்கும். அதற்குப் பிறகு தன்னைப் பார்க்கும்.

"போன வாரம் வியாழக்கிழமை எந்தப் பக்கம் போனீங்க?" என்று கேட்டாள், ரொட்டியை வாங்கிக்கொண்டே.

"நாங்க திராட்சை மேட்டுப் பக்கம். ஏன்?"

"அவரும் வந்தாரில்ல?"

கஸ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். "அவன் எங்ககூட மேட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சே, ஓடெட். போன அறுவடைக்கு முன்னாடி வந்ததுதான். நீதான் பயந்து விடமாட்டேங்குறன்னு சொன்னான். நாங்ககூட கிண்டல் பண்ணினோம். நெட்டக்கொக்கு, பொண்டாட்டி சொல்லைக் கேட்க உனக்கு இவ்ளோ வயசாச்சான்னு."

அவள் விட மாட்டேன் என்றதே இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் "கஸ்பார் காத்திருப்பான்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்புவார். மத்தியானம் வந்து, மேட்டில் காற்று எப்படி அடித்தது, எந்தத் தோட்டத்தில் காய் பிடித்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே சூப் குடிப்பார்.

கஸ்பார் போனபின் மறுபடி கொட்டகைக்குள் வந்து டயரின் இடுக்குகளை நகத்தால் சுரண்டினாள். மேட்டு மண் சிவப்பு. துணியில் பட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது. இடுக்கில் இருந்தது கால்வாய்ப் பாதைச் சரளையின் வெள்ளைத் தூசி மட்டும்.

ஒரு வருஷமாக அவர் கால்சட்டைகள் சிவப்புக் கறையே இல்லாமல் வந்தன. துவைப்பது சுலபமாகிவிட்டது என்று மட்டும் அவள் நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. குளியலறைக் கதவைத் தாழ்போட ஆரம்பித்தார். கால்சட்டை போடும்போது அவள் அறைக்குள் வந்தால், "கொஞ்சம் வெளிய இரேன்" என்றார். படுக்கையில் ஓரமாக, அந்தப் பக்கம் திரும்பி.

வாசலில் நிழல் விழுந்தது. நொயெமி. கையில் அர்மானின் ஹெல்மெட்டும் மூக்குக் கண்ணாடியும்.

"இது அங்கயே மேஜையில இருந்திச்சு, மதாம். கோவிலுக்குப் போறதுக்கு முன்னாடி குடுத்துடலாம்னு வந்தேன்."

மதகுச் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கை மட்டும் அகன்று போன, சின்ன உருவம். ஓடெட்டைவிட அரை விரற்கடை குட்டை. ஓடெட் கண்ணாடியை வாங்கவில்லை.

"இதுல ஏறி உக்காருங்க."

"எதுல?"

"சைக்கிள்ல. நான் புடிச்சுக்கறேன்."

நொயெமி ஏதோ சொல்ல வாயெடுத்து, ஓடெட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கால் மிதிகட்டையில் கச்சிதமாகப் பதிந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"சரியா இருக்கே," என்றாள் ஓடெட்.

"எனக்கு சைக்கிளே விடத் தெரியாது, மதாம்."

"அப்ப அவர் வாரா வாரம் அங்க என்ன பண்ணினார்?"

நொயெமி இறங்கினாள். இறங்கும்போது ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. இருவரும் எடுக்கவில்லை.

"காப்பி குடிச்சார். தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்."

"அவ்ளோதானா?"

"வேற ஒண்ணு இருக்கு. சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். முக்கியமா உங்ககிட்ட." கண்ணாடியை வெங்காயக் கூடைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

உங்களிடம் முக்கியமாக. ஓடெட் அந்த வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம், அதுவும் வேலை செய்யச் சொல்லும் கோபம். ஆணியில் தொங்கிய ஸ்பானரை எடுத்தாள். ஊர் சிரிக்க ஒரு சீட்டை அவள் ஊர்வலம் விடப் போவதில்லை. சம்பிரதாயம் கஸ்பாரோடு போகட்டும்.

நட்டைத் தளர்த்தி, சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இறுகியிருந்த கம்பி கிறீச்சிட்டுக்கொண்டு குழாய்க்குள்ளிருந்து மேலேறியது.

கம்பியில் ஒரு கோடு வெளியே வந்தது. ஆணியால் கீறிய கோடு. அவர் சீட்டின் அளவை அப்படித்தான் குறித்துக்கொள்வார்.

இன்னும் இழுத்தாள். ஒரு விரற்கடை கீழே இன்னொரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. மேல்கோடுகள் புதிதாக வெள்ளையாகப் பளபளத்தன. கீழே வர வர மங்கிக்கொண்டு வந்தன. கடைசியில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன ஒரு பழைய கோடு வந்தபோது சீட் அவள் விலாவில் இடித்தது.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரே நாளில் யாருக்காகவோ இறக்கிய சீட் இல்லை இது. இவ்வளவு மெதுவாக இறங்கியதால்தான் இடிப்பது நின்றதை அவள் கவனிக்கவில்லை. ஒரு விரல், பிறகு ஒரு விரல். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றுகிற வரைக்கும். காலைத் தூக்கிப் போட முடியாமல் போன பிறகும், நிற்கும்போது சாய்ந்துவிடுமோ என்ற பயம் வந்த பிறகும் ஏறிப் போயிருக்கிறார். கால்சட்டையை உட்கார்ந்துகொண்டுதான் போட முடிந்திருக்கும். அதனால்தான் வெளியே இரு என்றார்.

மேட்டுக் காற்றைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னார். ஒவ்வொரு வாரமும்.

தன்னிடம் மறைத்தது பெண்ணையல்ல என்பது தெரிந்தும் நெஞ்சில் இருந்தது இறங்கவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்தது. அவர் ஆட்டம் கண்டதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். அவளைப் பார்க்க விட்டிருக்கிறார்.

"அம்மா, வண்டி வந்தாச்சு," என்று மகன் பாஸ்தியான் கூப்பிட்டான்.

ஓடெட் பழைய கோட்டைக் குழாயின் வாயோடு சேர்த்து வைத்து, நட்டை முறுக்கினாள். ஒரு பெண் முறுக்கக்கூடிய அளவுக்கு மேலேயே முறுக்கினாள்.

பூசை முடிந்து ஊர்வலம் கால்வாய்ப் பாதையில் இறங்கியது. இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள், இலை பழுக்கத் தொடங்கியிருந்தன. சரளையில் காலடிகள் நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கஸ்பார் கைப்பிடியைப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா ஓடெட்," என்றார். "கடைசி வரைக்கும் ஒரு விரக்கடை எறக்கல, நெட்டக்கொக்கு."

"இல்ல," என்றாள் ஓடெட். "எறக்கல."

அடுத்த வரிசையில் வந்த நொயெமி சீட்டைப் பார்த்தாள். பிறகு ஓடெட்டின் நகங்களில் படிந்திருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தாள்.

மதகு வந்தது. அங்கே பாதை சட்டென்று மேலேறும். கொஞ்சதூரம்தான், ஆனால் செங்குத்து. கஸ்பார் மூச்சு வாங்கினார், சைக்கிள் பின்வாங்கியது. அப்போது நொயெமியின் கை, அவள் அறியாமலே, வாரா வாரம் தள்ளிப் பழகிய கையாக முன்னே நீண்டது, இடுப்பு உயரத்துக்கு. அங்கே சீட் இல்லை. கை வெறும் காற்றில் நின்று, தாழ்ந்து, கோட்டுப் பைக்குள் போயிற்று.

ஓடெட் இரண்டு எட்டு முன்னால் போய் சீட்டின் பின்புறம் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். எட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது.