கோதுமை இல்லாத தட்டு

1

இந்தக் கதை நான் கற்பனை செய்ததல்ல, ஒட்டுக்கேட்டது. கரையான்சாவடியில் எங்கள் அடுக்ககத்தில் என் சமையலறை ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே நான்கடிதான். எனக்குக் கதைகள் எப்போதும் குரலாகத்தான் வரும். முகம், புடவை நிறம், வெயில், மழை எல்லாம் பிறகு நானாக ஒட்டவைப்பது. போன மாதம் அந்த ஜன்னல் வழியாக வந்த குரல் இது:

"ஒரு பிஸ்கெட்டு குட்த்தா கொயந்த இன்னா செத்தா பூடும்?"

கோபம் வந்தது. பேனாவை எடுத்தேன். [கோபத்தில் எடுத்த பேனாவை நம்பக் கூடாது. எழுபத்திரண்டு வயதில் இதுகூடத் தெரியவில்லை எனக்கு.]

2

முதல் தொடக்கம்: "ரேகா கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கினாள். அவள் கண்களில்..." வேண்டாம். கேரட் நறுக்குகிறவள் கண்ணில் கேரட்தான் இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம். சில குழந்தைகளின் குடல்..." இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டியது. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு ரேகாவின் மகள் நிவேதிதாவுக்கு இரண்டு வயது. எடை எட்டரைக் கிலோ. கோதுமை கொஞ்சம் உள்ளே போனாலும் அவள் குடல் புண்ணாகிவிடும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. டாக்டர் கொடுத்த சீட்டில் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கெட் எல்லாவற்றின் மேலும் குறுக்குக் கோடு. மூன்று மாதமாக ரேகா அந்தச் சீட்டை மீறவில்லை. எடையும் ஏறவில்லை.

பிஸ்கெட்டுக் குரல் அவள் மாமியார் ராணியுடையது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: சனிக்கிழமை எடை ஏறியிருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை குழந்தை அவளோடு போகும். ராணிக்கு அந்த நோயிலேயே நம்பிக்கை இல்லை. அங்கே போனால் முதல் நாளே சப்பாத்திதான்.

3

கேட்டதைக் கேட்டபடி:

"நிவி, இங்க பாரு, பூசணி ரயில் வருது."

"ணாம்."

"பீன்ஸ் குச்சி?"

"ச்சீ."

"சரி, பிடி கொழுக்கட்டை. உன் கைக்கு அளவாப் பிடிச்சிருக்கேன். நீயே எடுத்துக் கடி."

சுவரில் ஏதோ சொத்தென்று மோதியது. கொழுக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

"பச்சப் புல்லும் குச்சியும் குட்த்தா மாடுதாம்மே துன்னும்," இது ராணி. "என் நாலு புள்ளைங்களும் சீட்டு பாத்தா வளந்துச்சுங்கோ?"

"அவளுக்கு ஒத்துக்காது அத்தை."

"ஆரு, உன் கம்ப்யூட்டரு சொல்லிச்சா?"

"ம்மா, விடும்மா."

[ரேகாவின் கணவன் ஜெகதீஷுக்கு இந்தக் கதையில் இருப்பது இந்த ஒரு வசனம்தான். இன்னொன்று கொடுக்க இரண்டு நாள் முயன்றேன். அவன் வாயைத் திறக்கவில்லை.]

"நீ சும்மா இரு நைனா. கொயந்த வயித்தப் பாரு, பானையாட்டம் உப்பிக்கினு கீது."

அப்போது இன்னொரு குரல் உள்ளே நுழைந்தது. அது என்னுடையது.

"ரேகா, வாயுவா இருக்கும்மா. காயை வதக்கும்போது பெருங்காயம் கொஞ்சம் கூடப் போடு."

"தினமும் போடறேன் ஆன்ட்டி."

"இன்னும் கொஞ்சம் போடு."

4

சனிக்கிழமை எடை பார்த்தார்கள். எட்டு கிலோ நானூறு. நூறு கிராம் குறைந்திருந்தது.

யாரோ திருட்டுத்தனமாக ஊட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். யாரோ என்ன யாரோ! உட்கார்ந்து எழுதினேன்: "ராணியின் கைப்பைக்குள், புடவை மடிப்புக்கு அடியில், பாதி பிரித்த பிஸ்கெட் பாக்கெட்..."

வாக்கியம் முடிவதற்குள் தாளுக்குள்ளிருந்து ராணியின் குரல்:

"யக்கா, என் பையில பிஸ்கெட்ட வெச்சது ஆரு?"

"நான்தான். கதைக்கு வேணும்."

"குடுக்கறதா இருந்தா அவ மூஞ்சிக்கு நேரா குடுப்பேன். ஒளிச்சிக் குடுக்க எனக்கு இன்னா தலயெழுத்து? அத்த எட்த்துப் போடு."

எடுத்துவிட்டேன். கத்துகிற பெண் ஒளிக்க மாட்டாள். இது தெரியாமல் நாற்பது வருஷம் கதை எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் யார்?

5

அன்று மதியம் ரசம் வைத்தேன். புதுப் பெருங்காய டப்பாவைத் திறக்க வராமல் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அடியில் எறும்பு வரிசைபோல எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். கூட்டுப் பெருங்காயம். சேர்ந்துள்ளவை: கோந்து, மைதா, பெருங்காயம்.

மைதா. பெருங்காயத்துக்கு முன்னால் மைதா.

ரேகாவிடம் இருப்பதும் இதே டப்பாதான். வாங்கிக் கொடுத்தவள் நான்.

குழந்தைக்கு வயிறு உப்பினால் நமக்கெல்லாம் கை தானாகப் போவது எங்கே? மைதாவால் வயிறு உப்பியது. உப்பியதற்குப் பெருங்காயம். அதற்குள் மைதா. மறுபடி உப்பல். மூன்று மாதம்! ஒவ்வொரு பூசணி ரயிலிலும், ஒவ்வொரு பீன்ஸ் குச்சியிலும். நிவி அவற்றைச் சுவரில் அடித்தபோது ஊரே சேர்ந்து அவளை அடம் பிடிக்கிற குழந்தை என்றது. அந்த வீட்டிலேயே சரியாக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

சீட்டில் பிஸ்கெட்டை அடிக்கத் தெரிந்த டாக்டருக்குப் பெருங்காயம் தோன்றவில்லை. எழுத்தை எறும்பாக அச்சடித்தவனுக்கு வெட்கமில்லை. நீங்கள் மட்டும் என்ன? பிஸ்கெட் என்றதும் ராணியைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாம் பகுதியில் உங்கள் கண் முன்னால்தான் பெருங்காயம் சட்டியில் விழுந்தது. ஒருவராவது "நிறுத்து" என்றீர்களா?

6

முடிவு ஒன்று: எல்லோர் முன்னாலும் டப்பாவை வைக்கிறேன். "பாத்தியா நைனா, இவ கையாலயே கொயந்தைக்கு..." என்று ராணி தொடங்குகிறாள். அந்த வாக்கியம் ரேகாவின் ஆயுளுக்கும் முடியாது.

முடிவு இரண்டு: ஜன்னல் வழியாக ரேகாவிடம் மட்டும் சொல்கிறேன். நாளைக்குக் குழந்தை முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்விடும். ராணி வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலும் இதே டப்பா இருக்கும்.

முடிவு மூன்று: யாருக்கும் தெரியாமல் டப்பாவை மாற்றி... சீ. என் மானத்தைக் காப்பாற்ற ஒரு முடிவா?

உட்கார்ந்து யோசித்தால் இன்னும் நாலு முடிவு வரும். அதற்குள் பொழுது விடிந்து ஆட்டோ வந்துவிடும். எழுந்து போய் அவர்கள் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டேன்.

ராணிதான் திறந்தாள்.

"இன்னாக்கா, டப்பாவும் கையுமா? இன்னா வோணும்?"

அவளுக்குப் பின்னால் ரேகா. குழந்தையின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள்: ராணி கத்தட்டும், என்னை வாசலோடு துரத்தட்டும், ஜெகதீஷ் இரண்டாவது வசனம் பேசட்டும். ஒரே ஒரு நிபந்தனை. "தப்பு என்னுடையது" என்று அங்கே யாராவது சொல்லியாக வேண்டும். அதை ரேகா வாயில் வைத்து எழுதுகிறவர், ஆணோ பெண்ணோ, என் கதையைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம்.