பேச்சு விளங்கலயாம்

சத்தம் புகாத கண்ணாடி அறையிலிருந்து அந்தப் பெரியவர் விறுவிறுவென்று எழுந்து வந்தார். காது சோதனைக்காக வெளியே மைக் முன்னால் உட்கார்ந்து அவள் சொன்ன இருபத்தைந்து சொற்களில் பதினொன்றைத்தான் அவரால் சரியாகத் திருப்பிச் சொல்ல முடிந்திருந்தது.

"என் காது நல்லாத்தான் இருக்கு. இந்தம்மா பேசுறதுதான் வெளங்கல," என்று நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

ஒன்பது வருடமாக அந்த மருத்துவமனையில் காது சோதிப்பவள் அவள். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் அதே ஊர். நிறம்தான் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அவள் பேச்சுக்கும் அடுத்த அறையில் வேலை பார்க்கும் தோழியின் பேச்சுக்கும் துளி வித்தியாசம் தெரியாது.

மேலாளர் தோழியைக் கூப்பிட்டு மறுபடி சோதிக்கச் சொன்னார். இந்தத் தடவை பத்துதான் தேறியது. ஆனால் பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான் தெளிவாக் கேட்டுச்சு!"

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். திங்கட்கிழமை பார்த்தால், சொல் சோதனை முழுக்கத் தோழிக்குப் போயிருந்தது. அவளுக்குக் கருவிகளைத் துடைத்து வைக்கும் வேலை.

"உங்க நல்லதுக்குத்தாம்மா," என்றார் மேலாளர். "வர்றவங்க நாலு விதமா பேசுவாங்க. உங்களுக்கு எதுக்கு மனக்கஷ்டம்?"

இரண்டு சோதனைகளின் முடிவுத் தாள்களையும் அவர் மேஜையில் வைத்தாள். "எங்கிட்ட பதினொண்ணு, அவகிட்ட பத்து. என் பேச்சுல என்ன சார் குறை?"

"குறைன்னு யாரு சொன்னா? அவருக்கு அப்படித் தோணிருக்கு. இதுல போய் நிறத்த இழுக்காதீங்க."

"நிறம்னு நான் இன்னும் வாயே திறக்கலையே சார்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்குத் தோழியிடம் நீட்டினாள்.

"நீ சொல்றது நியாயம்தான்டி. ஆனா எனக்கு எதுக்கு வம்பு?" தோழி பேனாவைத் தொடவே இல்லை.

பெரியவர் பேசியதைவிட இதுதான் அவளைச் சுட்டது. தனியாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாரித்ததில் பாகுபாடு எதுவும் தெரியவில்லையாம். இனி ஊழியர்களுக்குத் தெளிவாகப் பேசும் பயிற்சி உண்டாம். இணைத்திருந்த பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவளுடையது.

மதியம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோழி எதுவுமே நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். அவள் பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னடி, என்மேல கோவமா?"

காது கேட்காதவள் போல அவள் நடந்து போனாள்.