நாலு வருஷக் கேள்வி

என் மருமகள் வேலை தேடுகிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் மனுப் போடுவாள். "ரத்தப் பரிசோதனை படிச்சவளுக்குத் துணிக்கடையில என்னடி வேலை? லேப் எங்கெங்கே இருக்குன்னு பாரு. கூட வேலை பார்த்தவங்களுக்குப் போன் போடு. நேர்ல போய்ப் பேசு" என்று திட்டம் போட்டுக் கொடுத்ததே நான்தான். பலன் இல்லாமல் போகவில்லை, இரண்டு லேப்களில் கூப்பிட்டார்கள். ஆனால் நேரில் பார்த்ததும் இரண்டு பேருமே கையை விரித்துவிட்டார்கள்.

நாளைக்கு இன்னொரு லேப். அதையும் நழுவவிட்டால் மறுபடி துணிக்கடைதான். எங்கே சொதப்புகிறாள் என்று பார்த்துவிட, மகனுடைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் மேனேஜராக உட்கார்ந்தேன்.

"வாடி, உட்காரு."

"மேனேஜர் 'வாடி'ன்னா கூப்பிடுவாரு, அத்தை?"

"வாயை மூடிக்கிட்டுப் பதில் சொல்லு."

கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று சொன்னாள். "நாலு வருஷமா ஏன் வேலைக்குப் போகலை?" என்றதும் தலை குனிந்துவிட்டது.

"வீட்டுல சும்மாதான் இருந்தேன் சார்."

எனக்கு வந்ததே கோபம்! "யாரு, நீயா சும்மா இருந்தே? கை கால் விழுந்து கிடந்த என்னைத் தூக்கி நிறுத்தினது யாருடி?"

"உங்களைக் குளிப்பாட்டுறது, துடைச்சு விடுறது எல்லாம் ஒரு தடவை உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன். அதைக் கேட்டு நீங்க சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதீங்க, அத்தை. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சொல்றதில்லை."

பைத்தியக்காரி. என் மானத்தைக் காப்பாற்ற, போகிற இடமெல்லாம் தன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "நாளைக்கு உள்ளதைச் சொல்லணும். நானும் வருவேன்" என்றேன்.

மறுநாள் லேபில் மேனேஜர் அறைக்கு வெளியே கைத்தடியோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே பேசுவது காதில் விழுந்தது. அதே கேள்வி வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று தலையாட்டினேன்.

"என் மாமியார் கை கால் வராமப் படுத்துட்டாங்க சார். குளிப்பாட்டி, துடைச்சு, சோறு ஊட்டி, நடக்க வச்சேன். நாலு வருஷமும் அதுக்குத்தான் போச்சு."

மேனேஜர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்து, அவர் நன்றாகப் பார்க்கும்படி வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன்.