ஜன்னலோரப் புதர்

...ஐந்தடி, சுவரிலிருந்து வெறும் ஐந்தடி, அதற்குள் காய்ந்தது எதுவும் இருக்கக்கூடாது என்று என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஆறு வருடமாகத் தீயணைப்புத் துறைக்காக ஊர் ஊராகப் போய்ச் சொன்ன வாய், அதற்கு நான் தேவையில்லை, ஆனால் சொந்தத் தெரு என்றால் மட்டும் ஏன் இப்படி வியர்க்கிறது? பள்ளிக்கூட ஹாலில் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்காரர்களும் வந்திருக்கிறார்கள், பிஸ்கட் உண்டு என்று நோட்டீஸில் போட்டது வீண் போகவில்லை... இவர்கள் கை தூக்கினால் ஞாயிற்றுக்கிழமையே ஆளுக்கொரு அரிவாளோடு வீட்டைச் சுற்றி வெட்டிவிடலாம், தூக்காவிட்டால் கோடை வந்துவிடும், போன வருடம் மலையில் பிடித்த தீ தெருவுக்கு இரண்டு வளைவு மேலே நின்றது, இந்த வருடமும் நிற்கும் என்று அதனிடம் யார் எழுதி வாங்கியிருக்கிறார்கள்? முதல் கை கணக்கு வாத்தியாருடையதாக இருக்க வேண்டும், ரிட்டையர் ஆனாலும் தெருவுக்கே வாத்தியார், அவர் தூக்காமல் இங்கே ஒரு விரலும் அசையாது, அவரோ முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு விடைத்தாளைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்க்கிறார்.

திரையில் ‘இப்படி இருக்கக்கூடாது’ படம். யார் வீட்டைப் போட்டாலும் ஜென்மப் பகை வரும், அதனால் என் வீட்டுப் பின்பக்கத்தையே எடுத்துப் போட்டேன், பின்பக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது... சுவரோடு விறகு, கூரையோரத்தில் ஒரு சாண் சருகு, சமையலறை ஜன்னலை மூடி நிற்கும் மொறுமொறு புதர், படத்துக்காக ஒரு குச்சியைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை, அதுதான் வெட்கம். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரருக்கு வாயே வலித்துவிட்டது, மூன்று தடவை அரிவாளோடு கிளம்பிய மனுஷனை மூன்று தடவையும் மறித்தேன், வெட்டினால் வாத்தியார் காலையில் பின்பாதையில் நடக்கும்போது நம் சமையலறையை எட்டிப் பார்ப்பார், உப்பு எத்தனை சிட்டிகை என்று எண்ணுவார் என்று... இப்போது கடைசி வரிசையில் மூன்றாவது பிஸ்கட்டோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இருக்கட்டும், வீட்டுக்கு வரட்டும்.

வாத்தியார் எழுந்தார். “அந்த நீல வாளி என்னோடதும்மா. போன வருஷம் தீ வந்தன்னிக்கு வாங்கிட்டுப் போனே.”

வாளி! படத்தில் கதவு தெரியாமல் மறைத்தேன், கொடியில் கிடந்த துணியை மறைத்தேன், வாளியை மறந்தேனே... ஹால் முழுக்கச் சிரிப்பு, பூமி பிளந்தால் தேவலை, அது எங்கே பிளக்கிறது, கேட்கும்போது ஒருநாளும் பிளக்காது. ஆமாம் சார், என் வீடுதான் என்றேன். பின்னே ஏன் வெட்டல என்றார், அவர் கேட்டால் படிகளோடு விடை சொல்லியாக வேண்டும், வாய் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை, நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள் என்றுதான் என்று மைக்கிலேயே சொல்லித் தொலைத்தது. சிரிப்பு நின்றது. அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் அந்தப் பக்கம் நடந்தே ஒரு வருஷமாச்சேம்மா. கரிஞ்ச மலையைப் பார்க்க முடியல.”

ஒரு வருடமா? தினமும் அவர் போகிறார் என்றுதானே... பார்த்தேனா? எங்கே பார்த்தேன், புதர்தான் மறைத்துக்கொண்டு நிற்கிறதே. முன்பெல்லாம் அதை இடுப்புக்கு மேல் வளர விட்டதில்லை, தீக்குப் பிறகுதான் விட்டேன், அந்த ஜன்னலில் நின்றால் அவரா தெரிவார், மலையல்லவா தெரியும்... பயந்துதான் போயிருக்கிறேன், ஆறு வருடம் பேசியவள். வாத்தியார் உட்காரவில்லை, நின்றபடியே கையைத் தூக்கிவிட்டார், பின்னால் ஒவ்வொன்றாகக் கைகள் எழுகின்றன, எண்ணுகிறேன், பத்து, மறுபடி எண்ணினாலும் பத்துதான், எந்த வீடு தூக்கவில்லை என்று வரிசை வரிசையாகத் தேடுகிறேன், கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்...